நன்கு பழகிய சவாரிக் குதிரை, இரண்டரை லட்சத்துக்குள்: எதைப் பார்த்து வாங்குவது?

புதுச்சேணம்

வணக்கம். சவாரிக்கு ஒரு குதிரை வாங்க வேண்டும். பந்தயம், கல்யாண ஊர்வலம், குட்டி எடுப்பது எதுவும் நோக்கம் இல்லை. தினம் காலையில் ஒரு மணி நேரம் தோட்டத்து மண்பாதை, வாரக்கடைசியில் கொஞ்சம் கூடுதல் தூரம், அவ்வளவுதான். என் எடை 62 கிலோ. நடை, டிராட் (துள்ளோட்டம்), கேண்டர் (மிதமான பாய்ச்சல்) மூன்றும் ஓட்டத் தெரியும். குதிரையைப் பழக்கத் தெரியாது. ஆகவே பழகிய குதிரையாகவே வேண்டும். கையில் இருப்பது இரண்டரை லட்சம்.

மூன்று வழி தெரிகிறது. அந்தியூர் ஆடிச் சந்தை, பந்தயத்தில் ஓய்வு பெற்ற குதிரை, ராஜஸ்தானிலிருந்து வாட்ஸ்அப் வீடியோ பார்த்து வாங்குவது. எதில் போகலாம்? விற்பவர் சொல்லும் "நல்லாப் பழகினது" என்ற வார்த்தையை எப்படிச் சோதிப்பது?

கொங்குலாயம்

எந்த வழியில போறதுங்கிறது அப்புறம்ங்க. எதுக்குக் காசு குடுக்கறோம்னு முதல்ல பிரிச்சுப் பாத்துக்கோணும். குதிரை விலையில பாதிக்கு மேல சவாரிக்குச் சம்பந்தமே இல்லாத சங்கதிக்குத்தான் போகுது. அதையெல்லாம் வேண்டாம்னு விட்டா உங்க காசுக்கு நல்ல குதிரையே கிடைக்கும்.

முதல்ல நிறம். நுக்ரா, அதாவது ரோஸ் தோலுள்ள வெள்ளைக் குதிரைக்குக் கல்யாணக்காரங்க அள்ளிக் குடுப்பாங்க. சவாரிக்கு அதுல பாதகம்தான் ஜாஸ்தி. மூக்குலயும் கண்ணோரத்துலயும் வெயில் பட்டுத் தோல் வெந்து போகும், கண்ணோரத்துல புற்று வர்ற வாய்ப்பும் கூட. முஷ்கிக் கருப்பும் அப்படித்தான், கண்ணுக்கு அழகு, காசுக்குக் கேடு. சாதாரணக் கும்மைத் நிறத்துல, அதாவது செம்பழுப்புல, நெத்தியில ஒரு பொட்டோட நிக்கற குதிரையை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. நீங்க பாருங்க.

அடுத்தது உயரம். நம்ம ஆளுங்க 62 இஞ்ச், 64 இஞ்ச்னு இஞ்ச்சுக்கு இஞ்ச் விலை ஏத்துவாங்க. உயரம் பாத்து உங்களைச் சுமக்குமான்னு சொல்ல முடியாது, எடை பாத்துத்தான் சொல்லோணும். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி டேப் வெச்சு சென்டிமீட்டர்ல அளங்க. அந்த எண்ணை அதே எண்ணால பெருக்குங்க. தோள் முனையில இருந்து புட்டத்து எலும்பு வரைக்கும் நீளம் எடுத்து அதாலயும் பெருக்கி, 11,880 ஆல வகுத்தா கிலோ வந்துரும். சுத்தளவு 165, நீளம் 150ன்னா 344 கிலோ சுமாரா. அதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல ஏத்தக்கூடாது, அதாவது சேணத்தோட 68 கிலோ. உங்க 62ம் சேணம் ஒரு 8ம் சேர்ந்தா 70. அப்ப உங்களுக்குச் சுத்தளவு 168, 170 இருக்கற குதிரை பத்தும். அது 58, 59 இஞ்ச் குதிரையிலயே கிடைக்கும். 64 எதுக்குங்க?

மூணாவது சாதிச் சுத்தம். காது நுனி ரெண்டும் ஒட்டற ராஜஸ்தான் மார்வாரி இனத்துக்கும் பரம்பரைப் பேருக்கும் இனவிருத்திக்காரங்கதான் விலை குடுக்கோணும். இதையொட்டித்தான் முக்கியமான சேதி: காயடிச்ச குதிரை. குட்டி எடுக்க ஆகாதுன்னு அதைச் சந்தையில மட்டமா மதிப்பாங்க. சவாரிக்கு அதைவிட நல்லது கிடையாது. பொட்டைக் குதிரை பக்கத்துல வந்தாலும் கனைச்சுக்கிட்டு ரெண்டு கால்ல நிக்காது, மனசு ஒரே சீரா இருக்கும்.

நாலாவது வயசு. எல்லாரும் நாலு வயசுக் குதிரைதான் கேப்பாங்க. நீங்க 9ல இருந்து 14க்குள்ள தேடுங்க. பாக்க வேண்டியதெல்லாம் பாத்து முடிச்ச வயசு அது. ஒழுங்கா வெச்சுக்கிட்டா இன்னும் பத்து வருசம் சவாரி குடுக்கும்.

அஞ்சாவது சுழி, அதாவது உடம்புல முடி சுழிச்சு நிக்கற இடம். சுழி சரியில்லைன்னு ஒதுக்கின குதிரை விலை சட்டுனு இறங்கும். சவாரிக்காரனுக்கு அது வரம்.

வடக்குவீதி

கொங்கு அண்ணா, மத்ததெல்லாம் சரி. சுழி விஷயத்தில் வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்களே? நாளைக்கு விற்கப் போனாலும் அதே குறையைச் சொல்லி நம் விலையையும் இறக்குவார்கள்.

கொங்குலாயம்

விக்கறப்ப இறங்கும், உண்மைதான். ஆனா வாங்கறப்பவே இறங்கின விலைக்குத்தானே வாங்கறீங்க. கழுத்துல தேவமணிங்கற ராசிச் சுழி இருக்குன்னு ஏத்தின விலையைக் குடுத்து வாங்கினாத்தான் நட்டம். வீட்டுல மனசு சங்கடப்பட்டா வேண்டாம், அந்தக் குதிரையை விட்டுட்டு நிறத்துலயும் உயரத்துலயும் மிச்சம் பிடிங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன். சுழியைக் கவனிக்காம விட்டுராதீங்க. சுழி சாகிற வரைக்கும் மாறாது, ஒரு குதிரைக்கு இருக்கற மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது. அதனாலதான் குதிரை பாஸ்போர்ட்டுல, அதாவது அதோட அடையாளப் புத்தகத்துல, படம் போட்டு ஒவ்வொரு சுழியும் எங்கிருக்குன்னு குறிக்கறாங்க. பேசி முடிச்ச குதிரையும் வண்டியில இருந்து இறங்கற குதிரையும் ஒண்ணுதானான்னு பாக்க அதுதான் கைரேகை. நெத்தி, கழுத்து ரெண்டு பக்கம், நெஞ்சு, விலா எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

குளம்பும்பல்லும்

நான் கால்நடை மருத்துவப் பக்கம். கொங்கு அண்ணன் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். விட்டுக்கொடுக்கவே கூடாததை நான் சொல்கிறேன்: கால், கண், மூச்சு, முதுகு, வாய், ரத்தப் பரிசோதனை. இவற்றில் ஒன்றில் தவறினாலும் மலிவு விலை மலிவாக இருக்காது.

வயதைச் சொல்லில் நம்பாமல் பல்லில் பாருங்கள். முன்பற்களில் நடு இரண்டும் இரண்டரை வயதிலும், அடுத்த இரண்டும் மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன் பிறகு கீழ்ப்பற்களின் கடிபரப்பில் உள்ள கருங்குழிகள் 6, 7, 8 வயதுகளில் நடுவிலிருந்து ஓரமாக வரிசையாகத் தேய்ந்து மறையும். 10 வயதையொட்டி மேல் ஓரப்பல்லில் ஈறோரமாக ஒரு பழுப்புக் கோடு எட்டிப் பார்க்கும். 15ல் அது பாதிப் பல் வரைக்கும், 20ல் அடிவரைக்கும் இறங்கும். இதெல்லாம் ஒன்றிரண்டு வயது முன்பின்னாக இருக்கும், தீவனத்தைப் பொறுத்தது. தேய்ந்த பல்லில் குழி தோண்டிச் சுட்டுக் கருப்பேற்றி வயதைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் உண்மையான குழியைச் சுற்றி வெள்ளையாகப் பீங்கான் போன்ற எனாமல் விளிம்பு இருக்கும், போலிக்கு அது இருக்காது. உதட்டை விலக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். இளம் குதிரையின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் செங்குத்தாகச் சந்திக்கும், வயதானதில் இரண்டும் முன்னோக்கிச் சாய்ந்து கூர்க்கோணமாக நிற்கும். அந்தச் சாய்வை யாராலும் மாற்ற முடியாது.

பல் பார்க்கும்போதே மேல் முன்பற்களின் விளிம்பையும் பாருங்கள். முன்பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தால் மரத்தைக் கடித்துக் காற்று விழுங்கும் பழக்கம் இருக்கலாம். லாயத்துத் தொட்டி விளிம்பு கடிபட்டிருக்கிறதா, கழுத்தில் வார் கட்டிய தடம் இருக்கிறதா என்பது சாட்சி சொல்லும். இது சவாரியைத் தடுக்காது. ஆனால் இப்படிப்பட்ட குதிரைகளுக்கு வயிற்று வலி வரும் வாய்ப்பு கூடுதல்.

கால். முதலில் நின்ற நிலையில் கையால் பாருங்கள். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, எலும்புக்குப் பின்னால் கயிறு போல இறங்கும் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து மெல்லக் கீழே வழித்துக்கொண்டு வாருங்கள். நல்ல நாண் வீணைத் தந்தி மாதிரி இறுக்கமாக, குளிர்ந்து, ஓரம் தெளிவாக இருக்கும். எங்காவது சூடு, ஓரம் மழுங்கிய தடிப்பு, அழுத்தினால் காலை இழுப்பது தெரிந்தால் அங்கே காயம் நடக்கிறது. சூடில்லாமல் வெளிப்பக்கம் வில்லாக வளைந்து கெட்டியாக இருந்தால் பழைய காயம் ஆறியது. மெல்லிய சவாரிக்கு அது ஓடும், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆறாததை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து, கெட்டியான தரையில் நேராக 30 அடி நடக்க வைத்து, பிறகு கயிறு தளர்வாக டிராட். தலையைக் கவனியுங்கள். நோகும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் இடுப்பு எலும்பு ஒரு பக்கம் மட்டும் அதிகமாக ஏறி இறங்கும். பிறகு சின்ன வட்டம், இரு பக்கமும். நேர்கோட்டில் மறைந்த நொண்டல் வட்டத்தில் வெளிவரும். கடைசியாக ஒவ்வொரு காலையும் மடக்கி ஒரு நிமிடம் பிடித்துவிட்டு உடனே டிராட் விடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று எட்டுகளில் சரியானால் பரவாயில்லை. பத்து எட்டு தாண்டியும் நொண்டினால் மூட்டை எக்ஸ்ரே எடுக்காமல் முடிவு செய்யக்கூடாது.

இதையெல்லாம் ஒரு மருந்து மறைத்துவிடும். பியூட் என்று சொல்லும் ஃபினைல்பியூட்டசோன் கொடுத்தால் ஒரு நாளைக்கு மேல் நொண்டல் தெரியாது. சண்டிக் குதிரைக்கு மயக்க ஊசி போட்டுச் சாதுவாக்குவதும் உண்டு. கீழுதடு தொங்குவது, தலை தாழ்ந்தே நிற்பது, ஆண் குதிரைக்குக் குறி வெளியே தொங்குவது, சத்தத்துக்குக் காது திரும்பாதது அதன் அடையாளங்கள். அதனால்தான் ஒரே நாளில் பார்த்து முடிக்காதீர்கள் என்கிறேன். நாலைந்து நாள் கழித்து, சொல்லாமல் போய் இன்னொரு முறை பாருங்கள்.

ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி. தாடை எலும்பின் அடியில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். பத்து நிமிடம் டிராட் ஓட்டி, கால் மணி நேரம் நிற்க வைத்தால் நாடி 64க்குக் கீழே வந்துவிட வேண்டும். வராவிட்டால் நோவோ, காய்ச்சலோ, வேலையே இல்லாமல் நின்ற உடம்போ, ஏதோ ஒன்று. கேண்டரில் மூச்சை இழுக்கும்போது மட்டும் சீழ்க்கை போலச் சத்தம் வந்தால் தொண்டை நரம்புக் கோளாறு என்று சந்தேகியுங்கள்.

ரத்தம். கிளாண்டர்ஸ் சோதனை இல்லாமல் ஒரு ரூபாய்கூட மீதித்தொகை கொடுக்காதீர்கள். பர்கோல்டேரியா மல்லி என்ற பாக்டீரியாவால் வருவது, மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. உறுதியானால் 2009ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி அந்தக் குதிரையை அழித்தாக வேண்டும், சிகிச்சைக்கு இடமில்லை. கால்நடைத் துறை வழியாக ரத்தநீர் மாதிரி ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்துக்குப் போகும். கூடவே தொற்று ரத்தசோகைக்கான சோதனையும் கேளுங்கள். சர்ரா என்ற ஒட்டுண்ணி நோயைக் கடிக்கும் ஈக்கள் பரப்புகின்றன. விட்டுவிட்டுக் காய்ச்சல், எலும்பு தெரிய மெலிவு, வயிற்றடியிலும் காலிலும் நீர்வீக்கம் இருந்தால் அதைத் தேட வேண்டும். அதற்கு மருந்து இருக்கிறது, ஆனால் வாங்குவதற்கு முன் தெரிய வேண்டும்.

லாடம்_சத்தி

டாக்டர் குளம்பை விட்டுட்டாங்க, நான் சொல்றேன். குளம்புச் சுவர்ல வளையம் வளையமா இருக்கும். எல்லா வளையமும் ஒரே இடைவெளியில போனா தீவனம் மாறினது, பயம் இல்லை. முன்னால நெருங்கி, குதிகால் பக்கம் விரிஞ்சு போனா குளம்புக்குள்ள வீக்கம் வந்து போயிருக்கு, லேமினைட்டிஸ். அது திரும்பி வரும். ஒரு லாடத்தையாவது கழட்டி அடிப்பாகம் பாக்கணும். நடுவுல முக்கோணமா இருக்கற மெத்துப் பாகம் கருத்து, அழுகின வாடை அடிச்சா லாயத்து ஈரம். கழுவி, காய வெச்சு, மருந்து போட்டாச் சரியாகும். அதுக்காகக் குதிரையைத் தள்ளாதீங்க, பராமரிப்பு எப்படின்னு தெரிஞ்சுக்குங்க. பழைய லாடத்தையும் கையில வாங்கிப் பாருங்க. பின்னங்கால் லாடம் மூக்கு மட்டும் தேஞ்சிருந்தா காலைத் தூக்காம இழுத்து நடக்குது, மேல மூட்டுல ஏதோ இருக்கு.

உயரம் கூட்டக் கனமான லாடம் அடிச்சு, சரிவான தரையில நிறுத்தி அளந்து காட்டுவாங்க. லாடத்தோட கனத்தைக் கழிச்சுக்கணும்.

நீலகிரிச்சவாரி

பந்தயக் குதிரையைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஓய்வு பெற்ற தரோபிரெட் 5, 6 வயதில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிறப்பு முதல் பதிவும் பாஸ்போர்ட்டும் உண்டு. மனிதர், லாரி, லாடம், ஊசி எல்லாவற்றுக்கும் பழகியது. இதைவிட மலிவாக என்ன கிடைக்கும்?

வார்பிடி

சார், நானும் அந்தக் குதிரைகளை மதிக்கிறேன். ஆனால் கேட்டவர் தேவைக்கு அது பொருந்தாது. பந்தயக் குதிரை பழகாத குதிரை இல்லை, வேறு வேலைக்குப் பழகிய குதிரை. நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி ஏற்றுவார்கள், அதனால் நின்று ஏற்றிக்கொள்ளத் தெரியாது. கடிவாள வாரை இழுத்தால் அதன்மேல் சாய்ந்து வேகம் கூட்டத்தான் தெரியும். நிறுத்த வேண்டும் என்று புதியவர் இழுப்பார், ஓட வேண்டும் என்று குதிரை புரிந்துகொள்ளும். கெண்டைக்கால் அழுத்தத்துக்குப் பக்கவாட்டில் நகர்வது என்ற பாடமே அதற்கு நடக்கவில்லை. பந்தயத் தீவனத்தால் இரைப்பைப் புண் சகஜம், குளம்பின் அடித்தட்டும் மெல்லியது. இரண்டு மூன்று மாதம் வெளியில் விட்டு ஓய்வு, அதன்பின் கைதேர்ந்தவர் மேற்பார்வையில் குறைந்தது ஆறு மாதம் மறுபயிற்சி. அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தால் விலை குறைவில்லை.

நீலகிரிச்சவாரி

ஒத்துக்கொள்கிறேன். திருத்திச் சொல்கிறேன்: பந்தயத் தடத்திலிருந்து நேராக வந்ததை வாங்க வேண்டாம். ஏதாவது சவாரிப் பள்ளி எடுத்து இரண்டு வருடம் மாணவர்களுக்கு ஓட்டிவிட்டு, கூட்டம் குறைத்து விற்கிறது என்றால் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பலர் கைக்கு, பலவித உட்காரலுக்கு ஈடுகொடுத்த குதிரை அது. ஏன் விற்கிறார்கள் என்று மட்டும் துருவிக் கேளுங்கள். தாண்டுதலுக்கு மூட்டு ஒத்துழைக்கவில்லை என்பது உங்களுக்குத் தடையில்லை. மாணவர்களைத் தள்ளிவிடுகிறது என்பது தடை.

புதுச்சேணம்

அப்படியானால் அந்தியூர்ச் சந்தை? அங்கே நாட்டியக் குதிரைகள் "நல்லாப் பழகினது" என்றுதான் விற்கப்படுகின்றன.

வார்பிடி

நாட்டியக் குதிரை நன்றாகப் பழகியதுதான், ஆடுவதற்கு. கொட்டுச் சத்தம் கேட்டாலும், வாரைச் சற்று இறுக்கிக் கெண்டைக்கால் பட்டாலும் நின்ற இடத்தில் கால் மாற்றித் தூக்கி ஆட வேண்டும் என்பது அதன் பாடம். நீங்கள் முன்னே போகச் சொல்லி அதே அழுத்தம் கொடுப்பீர்கள். அது ஆடும். மேலும் இறுக்கினால் முன்னங்காலைத் தூக்கி எழும், ஏனென்றால் அதற்கும் பரிசு வாங்கியிருக்கிறது. இதை மறக்கடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

வாயைத் திறந்து பாருங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் வெறும் ஈறாக ஓர் இடைவெளி இருக்கும், கடிவாள இரும்பு தங்குவது அங்கேதான். விரலை வைத்துத் தடவினால் வழவழவென்று ஒரே மேடாக இருக்க வேண்டும். கரடுமுரடாக எலும்பு புடைத்திருந்தாலும், நாக்கில் குறுக்கே வெட்டுத் தழும்பு இருந்தாலும், உதட்டோரம் தோல் நிறம் வெளுத்துத் தடித்திருந்தாலும் முள் கடிவாளத்தில் ஓடிய குதிரை. முள் கடிவாளம் 1965ஆம் ஆண்டு விதிகளின்படியே தடை செய்யப்பட்டது. நீங்களே ஒரு சாதாரண ஸ்னாஃபில் (முள்ளில்லாத மென்மையான கடிவாளம்) எடுத்துப் போங்கள், அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நன்றி சொல்லித் திரும்பிவிடுங்கள்.

கொங்குலாயம்

அந்தியூருக்குப் போங்க, ஆனா அங்க வாங்காதீங்க. குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் கர்நாடகா, ஆந்திரான்னு பல பக்கத்துல இருந்து குதிரை வரும். யாருகிட்ட என்ன இருக்குன்னு ஒரே இடத்துல தெரியும். கூட்டத்துலயும் கொட்டுலயும் தூங்காம நிக்கற குதிரையோட குணம் அங்க தெரியாது. ஓட்டிப் பாக்க இடமும் இல்லை. பிடிச்ச நாலு குதிரைக்காரங்க நம்பரை வாங்கிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு அவங்க ஊருக்கே போய்ப் பாருங்க. சொந்த லாயத்துல குதிரை பொய் சொல்லாது.

வார்பிடி

ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். குதிரை ஏற்கெனவே வியர்த்திருந்தால், சேணம் பதிந்த தடம் ஈரமாக இருந்தால், துடுக்கு அடங்கட்டும் என்று முன்கூட்டியே ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்து, வாளியைக் காட்டியதும் பாய்ந்தால் தாகத்தில் சோர வைத்திருக்கிறார்கள்.

லாயத்துக்குள் போய்ப் பிடிப்பது முதல் எல்லாவற்றையும் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். கட்டுகிறார்கள், நாலு காலையும் தூக்குகிறார்கள், சேணம் வைக்கிறார்கள். வயிற்று வாரை இறுக்கும் அந்த நொடியில் குதிரையின் முகத்தை மட்டும் பாருங்கள். காதைப் பின்னால் மடித்துக் கடிக்கத் திரும்பினால், முதுகைக் கூன் போட்டால், முதுகிலோ வயிற்றிலோ நோவு. சேணத்தைக் கழற்றிவிட்டு முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் நுனியால் அழுத்தியபடி இடுப்பு வரை போங்கள். முதுகைத் தாழ்த்தி நழுவும் இடம்தான் நோகும் இடம். தோள்மேட்டில் வெள்ளை முடித் திட்டு என்றால் பழைய சேணப்புண். ஆறியிருந்தால் குற்றமில்லை, ஆனால் அதற்குப் பொருந்தும் சேணத்துக்குத் தனிச் செலவு வரும்.

முதலில் விற்பவரின் ஆள் ஏற வேண்டும். அவரே ஏற மறுக்கும் குதிரையில் நீங்கள் ஏறாதீர்கள். பிறகு நீங்கள், தலைக்கவசத்தோடு. ஏறும்போது யாரும் பிடிக்காமல் நிற்கிறதா? அங்கவடியில் இரண்டு காலும் வைத்து, வாரைச் சரிசெய்து, "போ" என்று சொல்லும்வரை அரை நிமிடம் நிற்க வேண்டும். நீள வாரில் நடை. டிராட்டில் கையை அசைக்காமல் இருந்தால் அதே வேகத்தில் போகிறதா, தானாகக் கூட்டுகிறதா? மார்வாரி, கத்தியவாரி இனங்களில் சில டிராட்டுக்குப் பதில் ரேவால் என்ற குலுங்காத வேகநடை போடும். அது குறையல்ல, உட்கார மிக வசதி. நொண்டலைச் சோதிக்க மட்டும் கையில் பிடித்து நிஜ டிராட்டில் ஓடவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேண்டர் இரு பக்கமும். வட்டத்தின் உள்பக்க முன்னங்கால் முன்னே வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அப்படிச் சரியான காலில் எடுத்து மறுபக்கம் ஒவ்வொரு முறையும் தவறினால், பயிற்சிக் குறையா உடம்பு வலியா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். கேண்டரிலிருந்து நடைக்கு எத்தனை எட்டில் வருகிறது? பத்து எட்டுக்குள் வந்தால் நல்லது, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் வாயில் பயம் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து நாலு எட்டுப் பின்னால், நேராக.

இனிதான் உண்மையான சோதனை. மற்றக் குதிரைகளை விட்டுத் தனியாக அரைக் கிலோமீட்டர் வெளியே போங்கள். திரும்பும்போது வாரைத் தளர்த்துங்கள். லாயம் தெரிந்ததும் இழுத்துக்கொண்டு ஓடாமல் நடந்தே வருகிற குதிரை பழகிய குதிரை. பஸ் ஹாரன், காற்றில் படபடக்கும் தார்ப்பாய், குரைக்கும் நாய் மூன்றையும் காட்டுங்கள். திடுக்கிடுவது இயல்பு. திடுக்கிட்டு நின்று பார்த்துவிட்டு உங்கள் காலுக்குக் கட்டுப்பட்டு முன்னே போனால் போதும், திரும்பி ஓடக்கூடாது.

மெரினா, ஊட்டி, கொடைக்கானல் மாதிரி சுற்றுலாச் சவாரி ஓட்டிய குதிரைகளையும் விலை பார்த்து யோசிக்கலாம், கூட்டத்துக்கும் வண்டிக்கும் அசையாது. ஆனால் பக்கத்தில் ஆள் நடந்தால்தான் நடப்பேன் என்று நிற்பவை அவற்றில் உண்டு. இந்தத் தனிச் சோதனை ஒன்றே அதைக் காட்டிவிடும்.

புதுச்சேணம்

மிக்க நன்றி அக்கா. ராஜஸ்தான் வீடியோ விஷயத்தையும் யாராவது சொல்லுங்கள். இங்கே கேட்பதைவிடக் குறைவாகச் சொல்கிறார்கள்.

நீலகிரிச்சவாரி

வீடியோவில் குணம் தெரியாது. நேரில் போக முடிந்தால் மட்டும் யோசியுங்கள். கார்த்திகைப் பௌர்ணமிக்குப் புஷ்கர், டிசம்பரில் தத்த ஜெயந்தியையொட்டி மகாராஷ்டிரத்தில் தாபி ஆற்றங்கரை சாரங்கேடா, ஜனவரியில் பஞ்சாப் முக்த்சர். எல்லாம் பெரிய சந்தைகள். ஆனால் கிளாண்டர்ஸ் எங்காவது தென்பட்டால் சந்தைக்கும் நடமாட்டத்துக்கும் தடை வரும், முன்பணம் கொடுத்த குதிரை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

வழிச்செலவு பெரிது. 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி மருத்துவர் சான்று வேண்டும். வண்டித் தரையில் வழுக்காத விரிப்பு, குதிரைகளுக்கு நடுவில் குறைந்தது 8 சென்டிமீட்டர் தடிமன் உள்ள மூங்கில், முகம் எதிர்வண்டியைப் பார்க்காமல் இடப்பக்கம், வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்குள். அந்த வேகத்தில் ராஜஸ்தானிலிருந்து வர எத்தனை நாள் என்று கணக்குப் போடுங்கள். வழியில் தண்ணீர் குறைந்து, தலை உயரக் கட்டியே வந்தால் நுரையீரல் காய்ச்சல் பிடிக்கும். நாலைந்து மணிக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டி, தலையைத் தாழ்த்த விட வேண்டும். இத்தனையும் கூட்டினால் உள்ளூர் விலைக்கு வந்துவிடும். ஒற்றைக் குதிரைக்கு இது கட்டாது என்பது என் முடிவு.

கொங்குலாயம்

விலை பேசறது. பழக்கின குதிரைக்கு நியாய விலை எதுன்னு ஒரு கணக்கு இருக்குங்க. தீவனம், லாடம், ஆள் எல்லாம் சேத்து நாளைக்கு 350 ரூபாய்னு வெச்சா ஒரு வருசத்துக்கு 1,27,750. ஒரு வருசமாவது உக்காந்து பழக்காம குதிரை பழகாது. அப்ப பழகாத குதிரை விலையோட ஒரு லட்சமாவது கூட இருக்கோணும். அதுக்குக் கீழ ஒருத்தர் குடுத்தா, நிறமோ உயரமோ சுழியோ வயசோ காரணம்னா சந்தோசமா வாங்குங்க. காரணமே தெரியலைன்னா காரணம் குதிரைக்குள்ள இருக்கு.

உங்க இரண்டரையில முழுசையும் குதிரை மேல போடாதீங்க. 40,000 ஒதுக்கி வைங்க: மருத்துவர், ரத்தச் சோதனை, வண்டி, முதல் லாடம், சேணம் சரிபாக்கறதுக்கு. மிச்சம் 2,10,000தான் உங்க உச்சம்.

முன்பணம் கால் பங்கு. மீதி, சோதனை முடிவு வந்து, உங்க இடத்துல பத்து நாள் நின்ன பிறகு. பத்து நாள்ல மருந்து இருந்தா இறங்கிரும், குணமும் வெளிய வரும். ஒத்துக்கிட்டா முத்திரைத்தாள்ல எழுதுங்க: மைக்ரோசிப் எண், நிறம், அடையாளம், சுழி, வயசு, தெரிஞ்ச நோய், கெட்ட பழக்கம், எந்தக் காரணத்துக்குத் திருப்பிக் குடுக்கலாம், திருப்பற வண்டிச் செலவு யாருது. கடைசிதான் எல்லாரும் மறக்கறது, சண்டை வர்றதும் அங்கதான். பாஸ்போர்ட் இருந்தா உங்க பேருக்கு மாத்தினதுக்கு அப்புறம்தான் முழுப்பணம்.

குளம்பும்பல்லும்

பத்து நாள் என்று அண்ணன் சொன்னதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். நல்ல குதிரையை வாங்கி, முதல் வாரத்திலேயே தீவனத்தால் கெடுப்பது நடக்கிறது.

விற்பவரிடமிருந்து பத்து நாளுக்கான அதே தீவனத்தைப் பணம் கொடுத்து வாங்கி வாருங்கள். பழையதில் கால் பங்கு குறைத்துப் புதியதில் கால் பங்கு என்று இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்று வலி. உங்களிடம் வேறு குதிரை இருந்தால் மூன்று வாரம் தனி லாயம், தனி வாளி.

350 கிலோ குதிரைக்கு நாளைக்கு உலர் எடையில் 7 கிலோ வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் எடை, அதனால் புல் மட்டும் என்றால் 35 கிலோ. நம் பக்கம் எல்லாரிடமும் கோ 4 கம்பு நேப்பியர் தீவனப்புல் இருக்கிறது, அதை வெட்டிப் போட்டுக் கூடவே கோதுமைத் தவிடு வைக்கிறார்கள். இந்த ஜோடிதான் குதிரைக்கு ஆகாது. நேப்பியரில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். தவிட்டில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போலப் பத்து மடங்கு வரை இருக்கும். உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். சில மாதத்தில் இடம் மாறி மாறி நொண்டும், மூக்கெலும்பின் இரு பக்கமும் புடைத்துவரும். மாட்டுக்கு இரைப்பைக் கிருமிகள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. நேப்பியரைப் பாதிக்குக் கீழே குறைத்து, குதிரை மசால் (லூசர்ன் தீவனப்பயிர்) இரண்டு மூன்று கிலோ, மீதிக்குச் சோளத்தட்டையோ நல்ல உலர்ந்த புல்லோ கொடுங்கள். ஊறவைத்த கொள்ளு ஒரு கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்து. உப்பு 30 முதல் 40 கிராம். தண்ணீர் எப்போதும் தொட்டியில், வெயில் காலத்தில் 40 லிட்டர் தாண்டும்.

முதல் மூன்று நாள் சவாரி வேண்டாம். கையில் பிடித்து நடத்துங்கள். சாணி எத்தனை முறை, எவ்வளவு இறுக்கம் என்று எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்து முறை போடும். அரை நாள் போடாமல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்ட ரசீது இல்லாவிட்டால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு முதல் ஊசியைப் போட்டு, நாலு முதல் ஆறு வாரத்தில் அடுத்தது.

புதுச்சேணம்

டாக்டர், கோ 4 போட்டு வைத்திருப்பது சரியாக அரை ஏக்கர். அதில் பாதியை அழித்துக் குதிரை மசால் விதைத்தால் குதிரை வரும்போது வெட்டுக்கு வருமா?

குளம்பும்பல்லும்

விதைத்து இரண்டரை மாதத்தில் முதல் வெட்டு, அதன்பின் மாதத்துக்கு ஒன்று. தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். இப்போதே விதையுங்கள், குதிரையைத் தேடவும் அத்தனை நாள் ஆகும்.